குருத்தோலை வைத்த பக்கம்

என் கூடைக்கார அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நீ இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறை? அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கும் பிடிக்காது, எனக்கும் வராது.

இதை நம் சபைப் பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சபையார் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும். நான் செய்தது சபைக்கும் தெரிய வேண்டியதுதான். உனக்குத்தான் எழுத்து தெரியாது. அங்கே உனக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று யோசித்தேன், அப்பா இருக்கிறார் என்று ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் இங்கத்திய சேதி. ஏரி இந்த வருஷம் கரை தட்டி நின்றது, இப்போது பாதிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதே ஆயா வேலைதான், சத்தம் மட்டும் அதிகம். மகாபலிபுரம் பஸ்ஸில் கூடை ஏற்ற இப்போதும் சண்டைதான். உன்னிடம் மட்டும் சண்டை போடாமல் கூடைக்கு இடம் ஒதுக்குவாரே அந்தக் கண்டக்டர், அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நேத்து மீனு அம்மா பொண்ணுதான நீ?" என்று கேட்கிறார். அந்தப் பெயர் உனக்கு வந்த கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது. இது நேற்றுப் பிடித்த மீன், இன்றைக்குக் குழம்புக்கு ஆகாது என்று வாங்க வந்தவர்களிடமே சொல்லி, கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்த மீன்காரி இந்தச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் நீ ஒருத்திதான். பிழைக்கத் தெரியாதவள் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். கிளம்பும் முன் கூடையின் மேல் கையை வைத்து ஜெபம் பண்ணுவாயே, ஜெபம் பண்ணின கூடையில் பொய்யை எப்படி வைப்பது என்று ஒருநாள் கேட்டாய். 

பொய் என்று நானே எழுதிவிட்டேன். இனி அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா செத்த அன்றிலிருந்து தொடங்குகிறேன். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கட்டுமரம் கவிழ்ந்து அப்பாவை மறுநாள் கரையில் கொண்டுவந்து போட்டது கடல். அப்போது எனக்குப் பதினாலு வயது. நாம் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாம் இருந்த மீனவக் குப்பத்தில் ஊர் கூடியது. அம்மனுக்குக் கூழ் ஊற்ற வராதவனுக்கு ஊர்ச் சுடுகாட்டில் மட்டும் என்ன பங்கு என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் ஒருவரைத்தான் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்களில் ஒருவர், உன் கூடப் பிறந்த அண்ணன், என் தாய்மாமன். மாமா வாயைத் திறக்கவில்லை. கால் கட்டை விரலால் மணலில் கோடு போட்டுக்கொண்டே நின்றார். அந்தக் கால் விரலை நான் மறக்கவில்லை.

சவுக்குக் கட்டை ஏற்றி வந்த லாரியை நிறுத்தி, கட்டைக்கு மேலே பாயை விரித்து அப்பாவைப் படுக்க வைத்து, செங்கல்பட்டு சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அதோடு இந்த ஊரிலேயே தங்கிவிட்டோம். திருக்கழுக்குன்றம் திருப்பத்தில் லாரி சாய்ந்தபோது அப்பாவின் காலை நீ பிடித்துக்கொண்டாய், தலையை நான் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் உன்னிடம் சத்தியம் வாங்கினேன், நான் சொல்லாமல் இனி அந்தக் குப்பத்தில் நீ கால் வைக்கக் கூடாது என்று. சத்தியம் பண்ணக் கூடாதென்று வேதத்தில் இருக்கிறது, வேண்டுமானால் வாக்குக் கொடுக்கிறேன் என்றாய். கொடுத்தாய்.

உன் வாக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தும் அதை வாங்கினேன் பார். மகாபலிபுரம் கரைக்குப் போய் மீன் எடுத்தாய், கோவளம் வரைக்கும்கூடப் போனாய். நடுவில் இருந்த உன் பிறந்த வீட்டை மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்து போனாய்.

அப்பா இருந்தவரை சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பது அவர் வேலை. அவருக்குப் பிறகு அது எனக்கு வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் நீ கையைக் கழுவிக்கொண்டு, மீன் வாடை போக முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்காருவாய். நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். நீ ஒவ்வொரு வசனத்தையும் உதட்டுக்குள் திரும்பச் சொல்லுவாய். மறுநாள் கூடையைச் சுமந்துகொண்டு நடக்கையிலும் அதையே சொல்லிக்கொண்டு போவாயாம். நான் எதைக் கொடுக்கிறேனோ அதுதான் உனக்கு வேதம்.

மலைப் பிரசங்கம் வந்தது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று வரும் இடம். எனக்குக் கண் முன்னால் வந்து விழுந்தது அது. இதை வாசித்தால் நாளைக்கே நீ என் முகத்தைப் பார்த்து, போகட்டுமா என்று கேட்பாய் என்று தெரியும். அந்த இரண்டு வசனத்தையும் தாண்டி அடுத்ததை வாசித்தேன். குரல்கூட மாறவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீற மாதிரி இருந்துச்சே" என்றாய்.

அவ்வளவுதான் என்றேன்.

அம்மா, ஒரு தடவை என்றால் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். புதிய ஏற்பாட்டை நாம் முதலிலிருந்து கடைசி வரை மூன்று முறை வாசித்தோம். மூன்று முறையும் தாண்டினேன். ஜெபத்தின் முடிவில் நீ, கடற்கரையில் இருக்கிற எல்லாரையும் காப்பாற்றும் ஆண்டவரே என்பாய். பெயரைச் சொல்ல மாட்டாய். யாருக்கான ஜெபம் என்று எனக்குத் தெரியும். அந்த ஜெபத்துக்கு மட்டும் நான் ஆமென் சொல்ல மாட்டேன். நீயே எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு எழுந்து போய் உலை வைப்பாய்.

போன வருஷம் குருத்தோலை ஞாயிறு. எப்போதும் கோயிலில் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து என்னிடம் தருவாய், அடுத்து வாசிக்க வேண்டிய இடத்தில் நான் வைப்பேன். அந்த வருஷம் என்னிடம் தரவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் நீ படுத்தாய். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே உன்னைச் சேர்த்தேன். ஒருநாள் மத்தியானம் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓல வெச்ச எடத்துல வாசிம்மா" என்றாய். எழுந்து பையில் இருந்த வேதத்தை எடுக்கச் சோம்பல் பட்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொன்னேன்.  நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய்.

அடக்கத்தன்று மாமா வந்தார். செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும் என்பது நாம் சபைக்கு வந்த பிறகும் விடாத வழக்கம். அண்ணன் எடுத்து வந்த புடவை மேலே விழாமல் பெட்டியை மூட மாட்டார்கள். அரக்கு நிறத்தில் ஒரு நூல் புடவையைக் காகிதத்தோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். கிழவனாகியிருந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எங்கப்பாவுக்கு ஆறடி மண்ணு குடுக்காதவங்க. எங்கம்மாவுக்கு ஆறு கெஜம் துணி இன்னாத்துக்கு?" என்றேன்.

சபையே கேட்டது. போதகர் என் கையைத் தொட்டார், நான் உதறினேன்.  மாமா காகிதத்தை மறுபடி மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். உன்னைக் கோடி இல்லாமல் மண்ணுக்குள் அனுப்பினேன். அன்றைக்கு அது எனக்கு ஜெயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வேதத்தைத் திறந்தேன். ஓலை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து தெரியாத நீ அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்? கோயிலில் உன் பக்கத்தில் உட்காரும் ஞாயிறு பள்ளி டீச்சரிடம் போய்க் கேட்டேன். பிரசங்கத்தில் அந்த வசனத்தை நீ எப்போதோ கேட்டுவிட்டாயாம். வீட்டில் அது ஒருமுறைகூட வரவில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. டீச்சரிடம் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தைக் காட்டச் சொல்லி, நீயே ஓலையை வைத்திருக்கிறாய். உங்கள் மகளிடம் நேராகவே கேட்டால் என்ன என்று டீச்சர் கேட்டாராம். அதற்கு நீ சொன்னதை டீச்சர் அப்படியே சொன்னார்.

"நான் கேட்டா வேணாம்னு சொல்லுவா. அவளே வாசிச்சா அவளுக்கே கேக்கும். காத்துகினு கீறேன் டீச்சர்."

எத்தனை வருஷம் காத்திருந்தாய் அம்மா? எனக்காகவா, மாமாவுக்காகவா? என்னை ஒரு அறை அறைந்திருக்கக் கூடாதா?

இதைக் கேட்ட அன்றே ஓடிப்போய் மாமா காலில் விழுந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய்யாகிவிடும். பத்து மாதத்துக்கு மேலாகியும் நான் அங்கே போகவில்லை. அவர் செய்தது குற்றம்தானே, நான் ஏன் முதலில் போக வேண்டும் என்று ஆண்டவரோடேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். வேதத்தையும் மூடியே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புது ஓலை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம் என்று திறந்தேன். நீ வைத்ததை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வாசிக்காமல் எப்படி எடுப்பது?

மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

குப்பத்தில் இப்போது பாதி வலை நைலான். மாமா சவுக்கு நிழலில் உட்கார்ந்து பழைய நூல் வலையைத்தான் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அத்தை தண்ணீர் கொண்டுவந்தார்கள்.  வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோய்விட்டது. அவர்தான் முதலில் பேசினார், மணலைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கி நான் வாயத் தொறந்திருந்தா எடம் குடுத்திருப்பாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் நின்னேன்."

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை அம்மா. எதிரில் இருக்கும் ஒரு கிழவனாக மட்டும் அவர் தெரிந்தார். பையிலிருந்து வேதத்தை எடுத்து, இதை அம்மா வாசிக்கச் சொன்னாங்க மாமா என்றேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஓலை இருந்த பக்கத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். எதையும் தாண்டவில்லை. அந்த இரண்டு வசனம் வந்தபோது குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடி வாசித்தேன்.

கேட்டுவிட்டு மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத அவளுக்குப் படிச்சிக் காட்டனியா?"

இல்லை என்றேன். வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"கேட்டிருந்தா வந்திருப்பாளா?"

"அன்னிக்கே வந்திருப்பாங்க மாமா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.  அவர் ஒருவர் வாயைத் திறக்காமலும், நான் இரண்டு வசனத்தைத் திறக்காமலும் உன்னை நடுவில் நிறுத்தி வைத்திருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. குற்றத்தில் அவருக்கு நான் சளைத்தவள் இல்லை.

கிளம்பும்போது அத்தை மெதுவாக ஒன்று சொன்னார்கள். அந்தக் கோடிப் புடவை இன்னும் இருக்கிறதாம். சாவுக்கு எடுத்ததை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, கடலில் விட்டுவிடு என்று ஊரே சொல்லியும் மாமா கேட்கவில்லையாம். வலைக் கொட்டகையில் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் அண்ணாந்து பார்த்தேன். காகிதம் கூடக் கிழியவில்லை.

இன்று பெரிய வெள்ளி. மூன்று மணி ஆராதனை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். நாளை மறுநாள் ஈஸ்டர். சபையார் எல்லாரும் விடியும்போது கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். மாமா நாளைக்கே இங்கே வந்து தங்குகிறார், கோடியை எடுத்துக்கொண்டு. யாராவது முகம் சுளித்தால் அதற்கு நான் இருக்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும்.

என் வாக்கு இது அம்மா. சத்தியம் இல்லை, வாக்கு. அவர் கையால் உன் மேல் அந்தப் புடவையை விரிப்பார். உனக்கும் பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கும் கேட்கும்படி அந்த அதிகாரத்தை முழுதாக வாசிப்பேன். பிறகு கடற்கரையில் இருக்கிற எல்லாருக்காகவும் நானே ஜெபம் பண்ணுவேன், மாமா பெயரைச் சொல்லி. ஆமென் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எனக்காகச் சொன்னது போதும்.

உன் மகள்,
உன் அண்ணனுக்கு மருமகள்,
எஸ்தர்