அவர் புல்லும் பொடுதலையும்

மார்ச் 4
தைக்கத் துணி ஒன்றும் வரவில்லை. வாசலில் அவர் வளர்த்த புல் பழுத்துக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றத்தான் செய்கிறேன். அவர் கை இல்லாமல் அதற்கும் ஏக்கம் போலிருக்கிறது. அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஓரத்தில் அந்தக் களை மட்டும் ஜோராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடுங்குவார், "போடி அந்தப் பக்கம்" என்று திட்டிக்கொண்டே. செடியை யாராவது "போடி" என்பார்களா?

மார்ச் 9
மகன் போன் செய்தான். "அடுத்த மாசம் லீவுல வர்றேம்மா. வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுடலாம். உனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"
சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 10
களையைப் பிடுங்கப் போனேன். அவர் செய்த வேலையை நானாவது செய்ய வேண்டாமா? கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது. இழுத்தால் முழம் முழமாக வருகிறது. அதில் பூ! இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. அவர் பூக்க விட்டால்தானே. சட்டைப் பொத்தானைச் சுற்றி வெள்ளை நூலில் தையல் போட்ட மாதிரி குட்டிக் குட்டிப் பூ. ஒரு தேனீ என் விரலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
கையை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 17
அந்தக் களைக்குப் பொடுதலை என்று பெயராம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். நான் குப்புறப் படுத்திருந்ததைப் பார்த்து, "என்னடி, தோட்டைத் தொலைச்சிட்டியா?" என்றாள்.
"தேனீ பாக்கறேன்க்கா."
"புருஷன் போனதுல இவளுக்குக் கழண்டுடுச்சுன்னு பேசப் போறாங்க."
"பேசட்டும். நீங்களும் படுங்க, நல்லாத் தெரியும்."
படுத்தேவிட்டாள். எழுப்புவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 21
வெயில் ஏறினால்தான் தேனீக்கள் வருகின்றன. மேகம் மூடியதும் எங்கே போகும்?

மார்ச் 30
புல் முக்கால்வாசி போய்விட்டது. அந்த இடத்தையெல்லாம் பொடுதலை பிடித்துக்கொண்டது. இன்று சின்னச் சின்னப் பட்டாம்பூச்சிகள்கூட வந்தன. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டேன். நான் என்ன, அவர் எதிரிக்குப் பந்தி பரிமாறுகிறேனா? கேட்கவும் ஆள் இல்லை. திட்டவாவது வாங்களேன்.
குழாயடியில், அவர் நாற்காலி போடும் இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது.

ஏப்ரல் 12
மகன் வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து வாசலை அளந்தான்.
"வேணாம்டா" என்றேன்.
"இது களைம்மா. அப்பாவுக்குக் கண்ணுலயே காட்டக் கூடாது."
"தெரியும். அவர் புல்லு குழாயடியில இருக்கு, அதை நான் பாத்துக்கறேன். மீதி இந்தத் தேனீங்களுக்கு இருந்துட்டுப் போகட்டும்."
சாயங்காலம் பார்த்தால் வெறுங்காலோடு பொடுதலைமேல் நடக்கிறான். "மெத்துனு இருக்கும்மா. தேனீ கொட்டாதா?"
"செருப்பைப் போடு, எருமை."
கொத்தனாருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னது காதில் விழுந்தது.

மே 3
காலையில் இரண்டு கொடி அவர் புல்லுக்குள் தலையை நீட்டியிருந்தன. இரண்டிலும் பூ. பிடுங்க மனசு வரவில்லை. நுனியைத் தூக்கித் திருப்பிவிட்டேன்.
"போடி அந்தப் பக்கம்" என்றேன்.