பக்கெட்டுக்குப் போன பெரிய மீன்கள்

பேருந்து ஓட்டுநரான அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "மீன் வளர்க்கிறதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று நேற்று அவள் சொன்னது இன்னும் உறுத்தியது. எழுப்ப மனமில்லாமல், அவளுடைய மீன்தொட்டியின் மூடிமேல் ஒரு சீட்டு எழுதி வைத்தார்:

"சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. உன் சாவி ஆணியில தொங்குது.

மீன் வளர்க்கிற உன் சிநேகிதர் மத்தியானம் வர்றாரு, தெரியும். என் தம்பி வந்தப்போ வெளிய எடுக்காத புதுக் கோப்பையெல்லாம் மேஜைக்கு வந்திருக்கு. நான் ஒண்ணும் கேக்கல.

முக்கியமான சேதி. உன் ஆத்து மீன் குஞ்சு பொரிச்சிருக்கு! கண்ணாடியில கண்ணிமை முடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. போன தடவை பெரிய மீனுங்க குஞ்செல்லாம் தின்னுடுச்சுன்னு அழுதியே, அதான் பெருசுங்களப் பிடிச்சு பக்கெட்டுல விட்டுட்டேன். சட்டை நனைஞ்சு வேற மாத்த வேண்டியதாப் போச்சு."

சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடியில் நெருக்கி எழுதினார்:

"அவருக்கு உடனே போன் போடாத. மொதல்ல நீ பாரு. அவர் வந்து கேட்டா, குஞ்சுங்களக் காப்பாத்தினது என் வீட்டுக்காரர்னு சொல்லு. கண்டிப்பா சொல்லு."