நீ சாத்திய நகரசபைக் கதவு

அண்ணே,

இன்று காலை எங்கள் தெருக் கிணற்றில் காலரா மருந்து போட்டார்கள். தண்ணீர் ஊதா நிறமாகக் கிடக்கிறது. குடத்தில் மொண்டதும் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

என் வீட்டுக்காரரும் நீயும் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஒன்றாகக் கரி அள்ளியவர்கள். அவர் செத்துப்போன பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டாய். நகரசபைத் தேர்தலில் நீ நின்றபோது உனக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். நான் கேட்டதெல்லாம் எங்கள் தெருவுக்கு ஒரு குழாய். சட்டப் புத்தகத்தை விரித்து எங்களுக்கெல்லாம் நீதான் படித்துக் காட்டினாய்.

"கூட்டம் நடக்கசொல்ல யார் வேணாலும் போயி குந்திக்கலாம். காரணம் எழுதாம கதவ சாத்தக்கூடாது. சட்டமே சொல்லுது தங்கச்சி."

நீ ஜெயித்த இரண்டாம் வருஷம் குழாய் விஷயம் கூட்டத்துக்கு வந்தது. நான் போனேன். உள்ளே கால் வைக்கும் முன்பே எழுந்து வந்தாய்.

"இங்க இன்னா வேல உனக்கு? வூட்டுக்குப் போ."

"நீதானே அண்ணே சொன்ன, குந்திக்கலாம்னு?"

"அது ஓட்டு கேக்கசொல்ல சொன்னது."

கதவைச் சாத்தினாய். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

குழாய் அரிசி மில்லுக்குப் போனது. நாங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்தோம். அந்தக் கோடையில் காலரா வந்து, என் பெரியவள் இரண்டே நாளில் போனாள். துக்கம் கேட்க வந்த உன்னை உள்ளே விடவில்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தெருப் பெண்கள் முப்பது பேர் போனோம். சேவகன் மறித்தான். "காரணத்த எழுதிக் குடு, போறோம்" என்றேன். நகரசபைத் தலைவருக்கு எழுத ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தோம். அன்று மில் குழாய்ப் பேச்சு மறுபடி வந்ததால், குமாஸ்தா பழைய தீர்மானத்தைப் படித்தான். மில்லுக்குக் கொடுக்கச் சொல்லி முன்மொழிந்தவர் என்று உன் பெயரைப் படித்தான். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் முப்பது பேரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த தேர்தலில் தோற்றாய். படுக்கையில் விழுந்ததும் மன்னிப்புக் கேட்க ஆள் அனுப்பினாய். எனக்கு மனம் வரவில்லை அண்ணே, இப்போதும் வரவில்லை. ஆனால் நீ படித்துக் காட்டிய அந்தச் சட்டத்தை மட்டும் விடவில்லை. மாதாமாதம் கூட்டத்துக்குப் போய், யார் எதை முன்மொழிகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் புதுத் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க," என்றேன். "நீங்க பேசுங்க."