கொள்ளு ரசத்துக்குக் கிடைத்த பெயர்

அக்கா, பக்கத்து ஃபிளாட்டில் இன்று உலவச்சாரு கொதிக்கிறது. அந்தக் கொள்ளு ரச வாசம் மூக்கில் ஏறியதுமே ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அப்போது சனத்நகரில் நாம் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே ஃபாக்டரி. தீட்டு நின்று சில வருஷம் கழித்து உங்களுக்கு மறுபடி உதிரம் பட்டபோது, ஃபாக்டரி டிஸ்பென்சரிக்கு நான்தான் துணைக்கு வந்தேன். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேலிருந்து கீழாக ஒரு பார்வை. "முதல்ல உடம்பைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." மூட்டு வலிக்கும் அதே பதில்தான், மூச்சு வாங்கினாலும் அதே பதில்தான். வெளியே வந்ததும், "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இந்த ஆள் என் இடுப்பைத்தான்டீ பார்ப்பான்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பைக் குறைக்கச் சொன்னானே என்று காலையும் மாலையும் கொள்ளு ரசம் குடித்தீர்கள். உதிரம் நிற்கவில்லை, உடம்பு மட்டும் இறங்கத் தொடங்கியது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. காலனியே கொண்டாடியது! "எந்த சன்னபட்டாரண்டி!" எவ்வளவு இளைத்துவிட்டீர்கள் என்று தெலுங்கில் வியந்து, வாசலில் நின்று ரசத்துக்குப் பக்குவம் கேட்டார்கள். நீங்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னீர்கள். "சோறே இறங்கலைடீ. இவங்க ரசத்துக்குப் பேர் வாங்கித் தர்றாங்க" என்றீர்கள் என்னிடம் மட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பைப் புற்று வயிறெங்கும் பரவியிருந்தது.

போன மாதம் எனக்கும் அப்படியே உதிரம் பட்டது. நானும் இப்போது பருமன்தான். ஹப்சிகுடாவில் ஒரு சின்னப் பெண் டாக்டர் அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை உள்சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நல்லவேளை, ஒன்றுமில்லை. கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். தீட்டு நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்குமாம். அதை அடக்கும் ஹார்மோனோ நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போய், சிலருக்குப் புற்றாகிவிடுமாம். "அதனாலதான் பருமனா இருக்கறவங்களை உடனே பார்க்கணும்" என்றாள். கேட்டீர்களா அக்கா? எந்த உடம்பைக் காட்டி அவன் உங்களைத் திருப்பி அனுப்பினானோ, அந்த உடம்புக்காகவே உங்களை உட்காரவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் பதின்மூன்றாம் நாளுக்கு அவனும் வந்திருந்தான். "இவ்வளவு எடை குறைச்சும் இப்படி ஆயிடுச்சே, பாவம்" என்று அத்தானிடம் சொன்னான். வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டில் இன்னும் ஒரு டம்ளர் இருந்தது. அவனைத் தாண்டி உள்ளே எடுத்துப் போய்விட்டேன். இன்றைக்கு வந்து நின்றாலும் கொடுக்க மாட்டேன்.