அம்மா கணக்கில் நடந்த அடிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டியதில்லை.

போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொள்கிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் பாதியில் வாங்கி வேறு மாதிரி முடித்துவிடுகிறாள். அதனால் நூலகத்துக்கு வந்து, பேப்பர் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அங்கே உங்களிடம் வர நீங்கள் எங்களுக்கு வாங்கிய விமான டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ பதறிப்போய்ப் பேசினாயே, அம்மாவின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பதாக அந்தக் கைக்கடிகாரம் உன் போனுக்குச் செய்தி அனுப்பியது என்று. பாப்பா, அது அம்மாவுடைய துடிப்பு இல்லை. என்னுடையது. கடிகாரம் நான்கு மாதமாக என் கையில்தான் இருக்கிறது.

கோபப்படு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

அம்மா விழுந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். அந்த ரயில் பயணத்தில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னோம். வழுக்கவில்லை. இறங்க வேண்டிய நிலையம் இது என்று பதறி, வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். முப்பத்தோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்து, சுற்றுலா கூட்டிப்போன பிள்ளைகளிடம் எல்லாம் ஓடுகிற வண்டியில் இறங்காதே என்று விசில் ஊதியவள். நான் இரண்டு பெட்டிகளோடு பின்னால் நின்றேன், பிடிக்கக் கை இல்லை. இடுப்பு உடைந்ததைவிட, இந்தத் தப்பைத் தான் செய்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது அதையும் மீறிவிட்டேன்.

எலும்பு கூடிவிட்டது. பிசியோதெரபிக்கு வருகிற பெண் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "பாருங்கம்மா, பிளேட் கச்சிதமா உக்காந்திருக்கு, பயமே வேணாம்" என்று நூறு தடவை சொல்லிவிட்டாள். அம்மா வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போவாள், வருவாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் அடி வைக்கப் பயம். விழுந்து முட்டி சிராய்த்த பிள்ளைகளை ஒன்றுமில்லை எழுந்திரு என்று அதட்டியவள், எழுந்திருக்க என்ன பயம் என்று நான் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்குத் தெம்பும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ கடிகாரத்தை அனுப்பினாய். தினமும் எத்தனை அடி நடந்தாள் என்று அங்கிருந்தே பார்ப்பேன் என்றாய். நல்ல எண்ணம்தான். முதல் நாள் முப்பத்திரண்டு அடி காட்டியது. நீ அழுதுவிட்டாய். மறுநாள் அம்மா கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டி, "நீங்க எப்படியும் நடக்கத்தானே போறீங்க, இதையும் கூட்டிட்டுப் போங்க. பொண்ணு அங்க தனியா அழக் கூடாது" என்றாள்.

திட்டம் போட்டுப் பொய் சொல்வதிலும் அவள் டீச்சர்தான். முதல் வாரம் முந்நூறு அடிக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் வாரம் ஐந்நூறு, வியாழக்கிழமை கொஞ்சம் குறைய வேண்டும், அப்போதுதான் நம்புவாய் என்று காலண்டரில் குறித்துக் கொடுத்தாள். நான் கட்டளைப்படி பூங்காவைச் சுற்றினேன். குறைவாக நடக்க வேண்டிய நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நீ போனில் சிரித்தாய், அவளும் சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது! ஒருநாள் கடிகாரத்தை மறந்து அப்படியே பழைய கம்பெனி நண்பர் வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். ஒன்பதாயிரம் அடி. அன்றுதான் நீ "அம்மா, நீ ஓடவே ஆரம்பிச்சிட்டியா" என்று கத்திவிட்டு டிக்கெட் எடுத்தாய். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

ஒரு மாதமாக மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கிய மெக்கானிக், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாரே என்று கீழ்வீட்டுத் தையற்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து நிற்பேன். வயசுதானே என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. படுத்திருப்பவளிடம் போய் எனக்கும் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிறன்று நீ சொன்னதை ஸ்பீக்கரில் இரண்டு பேரும் கேட்டோம். நீ போனை வைத்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் மறைத்தேன், திருடன் மாதிரி. அவள் திட்டவில்லை. "சட்டையை மாத்துங்க, டாக்டரைப் பாக்கப் போறோம்" என்றாள். நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. நீங்கள் சொல்லாமல் மறைப்பீர்கள், டாக்டர் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்றாள்.

முப்பத்தாறு படி. விழுந்த பிறகு ஒருதடவைகூட இறங்காதவள். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் கம்பு. அடிபட்ட காலை முதலில் வைத்து, நல்ல காலைப் பக்கத்தில் கொண்டுவந்து, நின்று, மறுபடியும். வாயில் எண்ணிக்கொண்டே வந்தாள். நான் பிடிக்கப் போனால், "நீங்க எதையும் தூக்கக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான்" என்று தள்ளிவிட்டாள். தையற்காரர் மேலே வந்து வாக்கரைத் தூக்கிக்கொண்டார். கீழே வர அரைமணி நேரம். பாப்பா, ஆட்டோவில் ஏறியதும் அவள் கம்பை மடியில் போட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னாள்.

இவ்வளவு நடக்கவைத்தது நான்தானே, அதனால்தான் இப்படி ஆனதா என்று அம்மா டாக்டரிடம் கேட்டாள். இல்லை, நடந்ததால்தான் வெளியே தெரிந்தது என்றார் அவர். துடிப்பு ஒழுங்கில்லை, அடைப்பும் இருக்கலாம் என்கிறார். அடுத்த வாரம் பரிசோதனை. மாத்திரை தொடங்கியாகிவிட்டது. நான் பயணம் செய்யலாமா என்பதை இப்போது கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா தினமும் நடக்கிறாள். காலையில் வராண்டாவில் பத்து நடை, மாலையில் பத்து. பிசியோ பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனாலும் களைப்பாக இருக்கிறது, சொல்ல முடியாத களைப்பு.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. நீ வந்தால் அவளை உட்காரவைத்துத் தாங்குவாய், அவளும் உட்கார்ந்துவிடுவாள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. டாக்டர் வேண்டாம் என்றால் என் டிக்கெட்டை ரத்து செய். அம்மாவுடையதைச் செய்யாதே. அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்பாள், சண்டை போடுவாள். விடாதே. உன் அத்தை இங்கே வந்து என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தருவார்களாம், கேட்டு வைத்துவிட்டேன். வேண்டாம், நடந்தே போகிறேன் என்று அவள் சொன்னால் இன்னும் நல்லது.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு பயணம்கூடத் தனியாகப் போனதில்லை. நான் இருக்கும்போதே ஒரு தடவை தனியாகப் போய்விட்டுத் திரும்பி வரட்டும், பாப்பா. வந்து கதவைத் தட்டினால் நான் திறக்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன்
அப்பா