தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி

இல்லை, என் அருமை அப்பா, அந்த நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுவரோரம், அதே இடத்தில்தான் இருக்கிறது. அன்று உங்களுக்காகப் போட்டிருந்தார்கள். நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பலவீனமான இதயம் எவ்வளவு தாங்கும் என்று அறிய ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மூச்சு வாங்கினால் நிற்கலாம், உட்காரலாம். நீங்களோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதுபோல் நடந்தீர்கள். தோற்றால் வாட்ச்மேன் வேலையை விடச் சொல்வார்கள் என்ற பயம்.

"நிதானா, தாத்தா, நிதானா." கூடவே நடந்த நர்ஸ், மெதுவாகப் போகச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினாள். பிறகு தமிழில், "மூச்சு வாங்குதா?"

"எனக்கா? உனக்குத்தாம்மா வாங்குது."

முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பாஸா?" என்றீர்கள். உதடு நீலமாக இருந்தது. சிரித்தீர்கள்.

உடம்பில் சேரும் நீரை இறக்கும் மாத்திரையை அந்தப் பரிசோதனைக்கு முதல் நாளே நிறுத்தியிருக்கிறீர்கள். நடுவில் கழிப்பறைக்கு ஓடக் கூடாதாம். பிறகு தொடங்கவே இல்லை. அது எங்களுக்குத் தெரிந்தது கடைசியாக வார்டில்தான். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிச் சொன்னீர்கள்: "பாஸாயிட்டேனே. அதான் நிறுத்திட்டேன்."

பாஸானவர் ஏன் திரும்பி வரவில்லை? இதை யாரிடம் கேட்பது?

இப்போது அம்மாவுக்கும் கால் வீங்குகிறது. அதே நோய். நேற்று அதே பரிசோதனை. அல்சூரிலிருந்து பஸ்ஸில் போகும்போதே தொடங்கிவிட்டாள்.

"உங்கப்பா ஒரு தடவைகூட நிக்கல. நான் நின்னா அசிங்கம்."

"மாத்திரை போட்டியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே விழுங்கினாள்.

பாதி நடையில் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உக்காந்தா அவர் சிரிப்பாருடி."

"சிரிக்கட்டும். நீ உக்காரும்மா."

உட்கார்ந்தாள். மூச்சு சீராக வெகுநேரமானது. நர்ஸ் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழவில்லை.

டாக்டர் அந்த நீர் மாத்திரையைக் கூட்டினார். நல்ல செய்தி எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அங்கே அவளுக்காகக் காத்திருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அப்பா. உங்களிடம் வர அவளை வேகமாக நடக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இன்று காலை அவள் கட்டிலைக் கழிப்பறைக் கதவருகே நகர்த்திப் போட்டேன்.

உங்கள் மூத்த மகள்