மூன்றாவது கை

ஜூன் 3, திங்கள்

இன்று மதியம் இவர் தன் இடது கையைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டார். கம்பியில் இடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. வலித்ததாகவே தெரியவில்லை. “உன் கையை எடுன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று என்னைத்தான் திட்டினார்.

பக்கவாதம் வந்து முப்பத்தெட்டு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு. கை அசையாது என்று சொன்னார்கள். சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது தன் கை என்பதே இவருக்குத் தெரியாமல் போகும் என்று யார் நினைத்தது? என் கையாம். நான்தான் கொண்டுவந்து அவர் மேல் போட்டு வைத்திருக்கிறேனாம்.

ஜூன் 4, செவ்வாய்

பிசியோதெரபிஸ்ட் வீக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தினமும் நாலு தடவை விரலை விரிச்சு மடக்கணும்மா. விட்டா அப்படியே இறுகிடும். அப்புறம் நகம் வெட்டக்கூட விரிக்க முடியாது.”

இவரோ, “அவ கைக்கு நான் எதுக்குப் பயிற்சி எடுக்கணும்?” என்கிறார். நான் விரலைத் தொட்டால் வலது கையால் தட்டிவிடுகிறார்.

ஜூன் 6, வியாழன்

நிரூபித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஒவ்வொரு படியாக ஒப்புக்கொள்ள வைத்தால் விடை தானே வந்து நிற்கும், எப்பேர்ப்பட்ட பிள்ளைக்கும்.

அவர் இடது தோளில் விரலை வைத்தேன். “இது யார் தோள்?”

“என்னோடது.”

விரலைக் கீழே இறக்கினேன். “இது?”

“என் முழங்கை.”

“இந்தத் தழும்பு?”

“ரேடியேட்டர் மூடி தெறிச்சப்ப சுட்டது.” முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், அந்த நாளும் பஸ் போன தடமும்கூட நினைவிருக்கிறது.

“அப்போ இந்தக் கை?”

“உன்னோடது.”

என் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இதோ ரெண்டு இருக்கு. அதையும் சேர்த்தா எனக்கு மூணு கையா?”

“கணக்கு டீச்சர் நீ. என்னைக் கேக்குற?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூன் 9, ஞாயிறு

மகள் போனில், “அப்பாகிட்ட மல்லுக்கட்டாதம்மா” என்கிறாள். விட்டால் கை போய்விடும். விடாவிட்டால் — நான் அறைக்குள் வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறார். இதில் எதை விடுவது?

ஜூன் 11, செவ்வாய்

இன்று என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 13, வியாழன்

இவர் இருந்த வார்டின் சிஸ்டர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். இப்படிப்பட்ட நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் அனுபவம்தான் ஆராய்ச்சி. செல்போனை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொண்டார்.

மூளையின் வலது பாதி, இடது பாதி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். “அது புஸ்தகத்துல இருக்கு டீச்சர். அவர் கையைத் தள்ளிவிட்டார்னு சொன்னீங்களே, அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“கஷ்டமா இருந்துச்சு.”

“கஷ்டம்னா?”

பாடம் தெரிந்த பிள்ளை பதில் சொல்லாமல் நிற்பதைப்போல என்று ஒரு உதாரணம் எடுத்தேன். என் பழக்கம். அவர் விடவில்லை. “உதாரணம் வேண்டாம். எங்க நின்னீங்க? கையில என்ன வச்சிருந்தீங்க?”

ஈரத் துண்டு. பிழியாத துண்டு. அது சொட்டி என் பாதம் நனைந்துகொண்டே இருந்தது, நகரத் தோன்றவில்லை. சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது — அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். கைக்காக இல்லை. வழியை மறித்து நிற்கும் யாரோ ஒருத்தியைப்போல என்னைப் பார்த்தாரே, அதற்கு.

இந்த முறைக்கு நிகழ்வியல் என்று பெயராம். ஏன் என்று கேட்பதில்லை. நமக்குத் தெரிந்த காரணம், சரி, தப்பு எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, வாழ்கிறவருக்கு அது எப்படி இருக்கிறதோ அதை மட்டும் கேட்பது.

“எங்க பாடத்துல அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதைத்தான் முதல்ல செய்வோம்” என்றேன்.

“இங்க அதைத் தொடவே கூடாது டீச்சர்.”

அவர் போனபின் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்நியப் பெண் என்னை ஒரு மணி நேரம் கேட்டார். ஐம்பது நாளாக இவரை நான் ஒரு முறை கேட்டேனா? விடை தப்பு, விடை தப்பு என்று சிவப்பு மையால் போட்டதோடு சரி.

ஜூன் 14, வெள்ளி

கேட்டேன்.

“என் கைன்னே வச்சுக்குவோம். அது உங்க மேல கிடக்கிறப்ப எப்படி இருக்கு?”

வேறு ஏதோ வலை விரிக்கிறேன் என்று சந்தேகமாகப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு சிரமம் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

“டியூட்டி முடிஞ்சு பஸ்ல வர்றப்ப, பக்கத்துல இருக்கிறவன் தூங்கித் தோள்ல சாஞ்சிடுவான் பாரு. அந்த மாதிரி கனம். சில்லுனு இருக்கு. எழுப்பினாலும் எழ மாட்டேங்குது.” பிறகு, “உனக்கு என்மேல என்ன கோபம்?” என்றார்.

“கோபமா? எதுக்கு?”

“கையை மட்டும் இங்க போட்டுட்டு, நீ பாட்டுக்கு உள்ள போயிடுறியே.”

ஜூன் 17, திங்கள்

பொய் சொன்னேன். “என் கை மரத்துப்போச்சுங்க. விரலைக் கொஞ்சம் நீவி விடுறீங்களா?”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றார். வலது கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, நீவி. அவ்வளவு பதமாக என் விரல்களை அவர் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாலு தடவை! அந்தக் கைக்கு நான் நகம் வெட்டியபோது, “ஒட்ட வெட்டாத, உனக்குத்தான் வலிக்கும்” என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

வீக்கம் வடிந்துவிட்டது, விரல்கள் விரிகின்றன என்று பிசியோதெரபிஸ்டுக்குச் சந்தோஷம். மாலையில் மருத்துவரிடம் போனோம். கை இறுகாது, அவ்வளவுதான். பலம் திரும்பாது என்றார். தன்னுடையது என்ற நினைப்பு? “சிலருக்கு வருது. இவருக்கு வரணும்னா இதுக்குள்ள வந்திருக்கணும்.”

தப்பான விடையை நானே எழுதிக் கொடுத்து அதையே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டேனோ? சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “எனக்கும் தெரியல டீச்சர்” என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே பொய்யைத் தினம் நாலு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

சாயங்காலம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். வலப்பக்க நாற்காலியில் மடிக்காத துணி குவிந்திருந்ததால் நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு, தொட்டுக் காட்டாவிட்டால் அந்தப் பக்கம் இருப்பது எதுவும் அவர் பார்வையில் படாது. நானும்தான்.

மடியில் அந்தக் கை. வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

“டீச்சர், இன்னைக்கு உன் கை அவ்வளவு சில்லுனு இல்ல” என்றார், அந்தக் கையைப் பார்த்து.

“ம்” என்றேன். குரல் வந்த திசையைத் தேடி வலப்பக்கம் திரும்பினார். துணிக் குவியலைப் பார்த்தார். மறுபடி அந்தக் கையிடமே திரும்பி, அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என்னால் முடியவில்லை. என் கையை நீட்டி அவர் வலது கைமேல் வைத்தேன்.

குனிந்து நெடுநேரம் பார்த்தார். “இது யாரு கை?”

விடை எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது.

“கனமா இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். “இருக்கட்டும்.”